முன்னால் நின்று அடி வாங்குகிறவர்

எங்கள் வீட்டு போர்வெல் மோட்டார் நின்றுபோன ஒரு சனிக்கிழமை, கெப்பாசிட்டர் வாங்கப் போன கடையில்தான் அந்தப் பகடையை முதன்முதலில் பார்த்தேன். தஞ்சாவூரில் பம்புசெட் உதிரிபாகமும் பி.வி.சி. பைப்பும் விற்கிற சின்னக் கடை. மேசையில் நட்டும் வாஷரும் போட்டு வைத்திருந்த கிண்ணத்துக்குள் இருபது முகம் கொண்ட சிவப்புப் பகடை ஒன்று கிடந்தது. ஒவ்வொரு முகத்திலும் ஓர் எண். சும்மா எடுத்து உருட்டினேன். பதினேழு விழுந்தது.

"நல்ல கை சார் உங்களுக்கு," என்றார் கடைக்காரர்.

அவர் முத்துப்பேட்டைக்காரர். பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பதினான்கு வருடம் ஷார்ஜாவில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்தவர். அறையில் கூட இருந்த மூன்று பிலிப்பைன்ஸ்காரர்கள் வாராவாரம் ஒரு விளையாட்டு விளையாடுவார்களாம். முதல் வருடம் வேடிக்கை பார்த்தார். இரண்டாம் வருடம் உட்கார்ந்து ஆடினார். ஐந்தாம் வருடம் அவர்தான் கதை சொல்லி நடத்துகிறவராகிவிட்டார். ஊருக்குத் திரும்பும்போது மற்றவர்கள் தங்கமும் கம்பளியும் கொண்டுவர, இவர் ஒரு டப்பா நிறையப் பகடை கொண்டுவந்தார். ஆனால் ஆட ஆள் கிடைக்கவில்லை.

"நாலு பேர் வேணும் சார். மூணு வருஷமா தேடுறேன்," என்றார். கெப்பாசிட்டரை இன்னும் எடுத்துத் தரவில்லை.

விளையாட்டு இதுதான். பாய் கதை சொல்வார். நாங்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரமாக நுழைய வேண்டும். பாழடைந்த கோட்டை, பூதம், புதையல் என்று கதை போகும். 'நான் கதவை உடைக்கிறேன்' என்று சொல்லிப் பகடையை உருட்டினால், பெரிய எண்ணுக்குக் கதவு உடையும், சின்ன எண்ணுக்குத் தோள்பட்டை உடையும். அவ்வளவுதான்.

நான் சென்னைக் கம்பெனி ஒன்றுக்குத் தஞ்சாவூரில் வீட்டிலிருந்தே சாப்ட்வேர் வேலை பார்ப்பவன். வாரம் ஐந்து நாளும் மனித முகத்தைத் திரையில் தபால்தலை அளவில்தான் பார்க்கிறேன். அதனாலோ என்னவோ சரி என்று சொல்லிவிட்டேன். என் மனைவி பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. அவளிடம் கேட்டதும், வகுப்பறைக்கு வெளியே சத்தம் போட ஓர் இடம் வேண்டும் என்று உடனே ஒத்துக்கொண்டாள். அவளுடைய அப்பா, அதாவது என் மாமனார், ஓய்வு பெற்ற சர்வேயர். அறுபத்தெட்டு வயது. மகள் போகிற இடத்தில் என்ன நடக்கிறது என்று பார்க்க வந்தவர், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான்காவது ஆளைப் பாயே பிடித்தார். கடைக்கு வாடிக்கையாக வரும் கால்நடை மருத்துவர் ஒருவர், நாற்பது வயதுப் பெண்மணி. மாட்டுக் கொட்டகைக்குத் தண்ணீர்க் குழாய் போட வந்தவரை இந்தக் குழாயில் இறக்கிவிட்டார்.

ஞாயிறு மதியம் மூன்று மணிக்குக் கடை மாடியில் கூடினோம். சுற்றிலும் பைப் கட்டுகள், நடுவில் மேசை, மேசை மேல் பழுப்புத் தாள். பொம்மைக்கெல்லாம் எங்கே போவது? எங்கள் நால்வருக்கும் நான்கு பித்தளை நாசில். எதிரிகள் எல்லாம் பி.வி.சி. எல்போ, அதாவது பைப்பை வளைத்து இணைக்கிற துண்டு.

பாய் எழுந்து நின்று விளக்கினார். "சண்டைன்னு வந்தா நாலு வேலை இருக்கு. ஒருத்தர் முன்னாடி நின்னு அடி வாங்கணும். ஒருத்தர் அடிக்கணும். ஒருத்தர் அடிபட்டவங்களுக்கு வைத்தியம் பாக்கணும். இன்னொருத்தர் தூரத்துல நின்னுக்கிட்டு மந்திரத்தால களத்தையே கலைச்சு விடணும். இதுல ஒண்ணு கொறைஞ்சாலும் கதை கந்தல்."

பிறகு எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பாத்திரங்களைப் பங்கிட்டார். என் உயரம் ஆறடி, எடை தொண்ணூற்றாறு கிலோ. "சார்தான் கேடயம்," என்றார். மறுபேச்சே இல்லை. டாக்டருக்கு வைத்தியம். அதிலும் மறுபேச்சு இல்லை என்று பாய் நினைத்தார். என் மனைவிக்குக் கத்தி வீச்சு. மாமனாருக்கு மந்திரக்கோல்.

ஒன்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். என் உடம்பைப் பார்த்து ஏமாந்தவர்களில் பாய் முதல் ஆள் இல்லை. தெருநாய் எதிரே வந்தால் நான் மனைவியின் இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்துக்கு மாறிவிடுவேன். வாட்டர் கேன் போடுகிறவரிடம் கேன் ஒழுகுகிறது என்று சொல்ல எனக்கு இரண்டு வாரம் ஆகும். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் மாமனார் முன்னால் நான் முழுதாகச் சொன்ன வாக்கியங்களை ஒரு தாளில் எழுதினால் மீதி இடம் நிறைய இருக்கும்.

முதல் கதையில் ஒரு பாழடைந்த நெற்களஞ்சியம். உள்ளே கன்றுக்குட்டி அளவில் நான்கு எலிகள். "கதவு திறக்குது. எலிங்க உங்களைப் பாத்து உறுமுது. சார், என்ன பண்றீங்க?" என்றார் பாய்.

"நான் கதவுக்கு வெளியே நிக்கிறேன்," என்றேன்.

பாய் பகடையைக் கீழே வைத்தார்.

"சார், நீங்கதான் கேடயம்."

"ஆமா. வெளியேருந்து யாராவது வந்தா நான் பாத்துக்கறேன்."

என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை அவள் மாணவர்கள் மட்டுமே பார்த்திருப்பார்கள். என் நாசிலை அவளே எடுத்துக் கதவுக்கு உள்ளே வைத்தாள். பிறகு என்னைத் தாண்டிப் போய் மூன்று கத்தி வீசினாள். ஓர் எலி செத்தது. பள்ளியில் யாரையும் வாடா போடா என்றுகூடச் சொல்லாத பெண், "கொடலை உருவறேன்" என்றாள். பாயே சற்றுப் பின்வாங்கினார்.

மீதி மூன்று எலிகளும் என் மேல் பாய்ந்தன. எனக்கு உயிர்ப் புள்ளி பன்னிரண்டு, பூஜ்யமானால் சாவு. ஒரே சுற்றில் ஐந்தாகிவிட்டது. "டாக்டர், வைத்தியம்!" என்றேன்.

டாக்டர் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். "அந்த எலிக்கு வாயில நுரை தள்ளுதா?" என்று பாயிடம் கேட்டார்.

"அதெல்லாம் கதையில இல்லீங்க."

"கேட்டு வச்சுக்கணும் இல்லியா. சரி சார், எங்க வலிக்குது? எப்பலேருந்து?"

"இப்பதான் டாக்டர், உங்க கண்ணு முன்னாடிதானே கடிச்சுது!"

"மாடுதான் வாயைத் திறந்து சொல்லாது. உங்களுக்கு என்ன, ஒழுங்கா சொல்லுங்களேன்." பிறகு பெருமூச்சு விட்டார். "வாரம் ஆறு நாளும் வைத்தியம் பாக்கறேன் பாய். ஞாயித்துக்கிழமையும் வைத்தியமா? ஒரே ஒரு தடவை நானும் யாரையாவது அடிக்கக் கூடாதா?"

இந்த வழக்கு முடிவதற்குள் மாமனார் தொண்டையைக் கனைத்தார். அவர் கையில் ஒரு மந்திர ஓலை இருந்தது. தீக்கோளம். ஒரு தடவைதான் வீசலாம். அதுவரை அவர் தாளின் ஓரத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"தீ எவ்வளவு தூரம் பரவும்?"

"சுத்தி இருபதடிங்க," என்றார் பாய்.

"ஆரம் இருபதுன்னா பரப்பு ஆயிரத்து இருநூத்தி ஐம்பத்தாறு சதுர அடி. மூணு சென்டுக்குக் கொஞ்சம் கம்மி. பிரமாதம். களஞ்சியத்துக்கு நட்டநடுவுல போடறேன்."

"ஐயா, களஞ்சியம் முப்பதுக்கு முப்பதுதான்..."

"அப்ப ரெண்டு சென்ட். இன்னும் நல்லதாப் போச்சு. ஒரு எலி தப்பாது."

ஓர் எலியும் தப்பவில்லை. நாங்களும் தப்பவில்லை. கதை தொடங்கி நாற்பது நிமிடத்தில் எல்லோரும் கருகிப்போனோம். மாமனார் மட்டும் அளவு சரியாக வந்த திருப்தியில் டீ குடித்தார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அடுப்படியில் விசாரணை. "ஏங்க, முன்னாடி நில்லுங்கன்னா எதுக்குங்க பின்னாடி போறீங்க?" என்றாள் மனைவி, தோசைக் கரண்டியோடு.

"எலிடி. கன்னுக்குட்டி சைஸ்."

"அது எல்போங்க! அரை இஞ்சு எல்போ!"

அதன் பிறகு பாய் எனக்குத் தனிப் பாடம் எடுத்தார். கேடயக்காரனுக்கு அடி வாங்கத் தெரிந்தால் மட்டும் போதாதாம். எதிரி மற்றவர்கள் பக்கம் திரும்பாமல் தன்னையே பார்க்கும்படி செய்ய வேண்டுமாம். "சவால் விடணும் சார். திட்டணும். அவனுக்குக் கோவம் வந்து உங்க மேலயே விழணும். எங்க, என்னை ஒரு பூதமா நெனச்சுத் திட்டுங்க பாப்போம்."

நான் நன்றாக யோசித்து, "தயவுசெஞ்சு கொஞ்சம் இந்தப் பக்கம் பாருங்க," என்றேன்.

பாய் என் முகத்தையே பார்த்தார். "சார், மெயில் அனுப்பறீங்களா?"

இதைக் கேட்டுக்கொண்டிருந்த மாமனாருக்குப் பொறுக்கவில்லை. முப்பத்தைந்து வருடம், வரப்புச் சண்டை போடும் அண்ணன் தம்பிகளுக்கு நடுவே நிலம் அளக்கும் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்றவர். திருவாரூர் தொடங்கிப் பட்டுக்கோட்டை வரை எந்த ஊரில் எப்படித் திட்டுவார்கள் என்று அவருக்கு அத்துப்படி. ஒவ்வொன்றாகச் சொல்லிக் காட்டினார். டாக்டர் இரண்டை நோட்டில் எழுதிக்கொண்டார். நான் திருப்பிச் சொல்ல முயன்றேன். என் வாயில் அவை விண்ணப்பம் போலவே வந்தன.

இப்படியே இரண்டு மாதம் போனது. ஆறு கதை ஆடினோம், ஐந்தில் செத்தோம். ஆறாவதில் பிழைத்ததுகூட, பாயை அவசரமாக ஒரு மோட்டார் பார்க்கக் கூப்பிட்டதால்தான்.

புரட்டாசி பிறந்து சம்பா நடவு மும்முரமாக இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாய் கதையை ஆரம்பிக்கப் போகிற நேரத்தில் டாக்டருக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே எழுந்தார். அம்மாபேட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில், பிறந்து ஐந்து நாளான கன்றுக்குட்டி வாய்க்காலில் விழுந்துவிட்டது. மதகுக் கல்லுக்கும் சிமென்ட் பலகைக்கும் நடுவே பின்னங்கால் மாட்டிக்கொண்டிருக்கிறது. தாய்ப்பசு கயிற்றை அறுத்துக்கொண்டு கரையில் நிற்கிறது, யாரையும் கிட்டே விடவில்லை. மாட்டுக்காரரையே முட்டித் தள்ளிவிட்டது.

"என் உதவியாளர் லீவு," என்றார் டாக்டர். எங்கள் நால்வரையும் மாறி மாறிப் பார்த்தார். "வாங்க, எல்லாரும் போவோம்."

பாயின் குட்டியானை வண்டியில் கிளம்பினோம். முன்னால் பாய், டாக்டர், என் மனைவி. பின்னால் பைப் கட்டுகளுக்கு நடுவே நானும் மாமனாரும். வெயிலுக்கு அவர் குடையை விரித்து, பாதியை என் தலைக்கு மேல் பிடித்தார். அரை மணி நேரம் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்களுக்குள் அது வழக்கம்தான்.

போய் இறங்கினோம். வாய்க்காலில் தண்ணீர் இடுப்பளவு. கன்றுக்குட்டி தலையை மட்டும் தூக்கிப் பிடித்து, கத்தக்கூடத் தெம்பில்லாமல் முனகிக்கொண்டிருந்தது. கரையில் தாய்ப்பசு. வெள்ளை நிறம், கூரான கொம்பு, மூக்கிலிருந்து புஸ் புஸ் என்று மூச்சு. மாட்டுக்காரர் முழங்கை சிராய்ப்போடு ஒரு தென்னை மரத்துக்குப் பின்னால் நின்றிருந்தார்.

டாக்டர் களத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சார், நீங்க முன்னாடி. மாடு உங்களை மட்டுந்தான் பாக்கணும். அந்த நேரத்துல நானும் பாயும் வாய்க்கால்ல எறங்கிடுவோம். மேடம் கயிறு பிடிக்கட்டும். பெரியவர் தூரமா அந்த வரப்புல நின்னு மாடு எந்தப் பக்கம் திரும்புதுன்னு சொல்லட்டும்."

எங்கள் மேசையில் யாருக்கு என்ன வேலையோ, கிட்டத்தட்ட அதே வேலை. மறுக்க எனக்கு வழி இல்லை. என் மனைவி வேறு பார்த்துக்கொண்டிருந்தாள். மாட்டுக்காரர் வீட்டுச் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று வெளியே கிடந்தது. அதைத் தூக்கி நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, அடிமேல் அடி வைத்து முன்னால் போனேன்.

"ஏய்," என்றேன்.

பசு என்னைப் பார்த்தது. மேலும் கீழும் பார்த்தது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு வாய்க்காலையே பார்த்தது. வீட்டில் ஒரு பீரோ நின்றால் எப்படிப் பார்ப்போமோ அப்படித்தான் பார்த்தது.

"ஏய் மாடு! இங்க பாரு!"

வாலை ஆட்டி ஓர் ஈயை விரட்டியது. என் மேல் அதற்கு ஒரு வருத்தமும் இல்லை. மாமனார் சொல்லிக் கொடுத்த திட்டு ஒன்று ஞாபகம் வந்தது. அது ஒருவருடைய பாட்டனாரின் நிலத்தைப் பற்றியது. மாட்டுக்கு எப்படிப் பொருத்துவது என்று யோசித்து, தடுமாறி, பாதியில் நிறுத்திவிட்டேன்.

நூறடி தூரத்தில் வரப்பின் மேல் நின்ற மாமனாருக்கு அது காதில் விழுந்துவிட்டது. தப்பும் தவறுமாகத் திட்டுவதை அவரால் சகித்துக்கொள்ள முடியவில்லை.

"மாப்ளே! அப்படி இல்ல! அடிவயித்துலேருந்து வரணும்!" என்று கத்தினார். கத்தியதோடு விடாமல், செய்து காட்டுவதற்காகக் குடையைத் தூக்கி ஆட்டி, பட்டுக்கோட்டைப் பக்கத்துத் திட்டு ஒன்றை முழுசாக, நிறுத்தி, ராகத்தோடு விட்டார்.

பசு காதை விறைத்தது. தலையைத் தாழ்த்தியது. ஒரு தரம் காலைத் தேய்த்துவிட்டு, என்னைச் சுற்றிக்கொண்டு நேராக அவரை நோக்கிப் பாய்ந்தது.

என் மாமனார் ஓடி நான் பார்த்ததில்லை. பஸ்ஸுக்குக்கூட ஓட மாட்டார். பஸ் அவருக்காக நிற்கும் என்ற நினைப்பில் நடப்பார். அன்று ஓடினார். வேட்டியை ஒரு கையால் மடித்துப் பிடித்து, மற்றக் கையில் விரித்த குடையோடு வரப்பில் ஓடினார். வரப்பு முடிந்த இடத்தில், முந்தின நாள்தான் நட்ட வயலுக்குள் குதித்தார். சேறு முழங்கால் வரை வாங்கியது. செருப்பு இரண்டும் உள்ளேயே போனது. பசுவும் வயலில் இறங்கியது. வயலின் மூலையில் ஒரு மோட்டார் கொட்டகை, கான்கிரீட் கூரை போட்டது. பக்கவாட்டில் நாலைந்து கல் துருத்திக்கொண்டிருந்தது. அதைப் பிடித்து ஏறிவிட்டார்.

நான் என்ன செய்தேன் என்று கேட்டால், ஓடினேன். இந்தத் தடவை மாட்டை நோக்கி. யோசித்திருந்தால் ஓடியிருக்க மாட்டேன். "மாமா, மாமா" என்று கத்திக்கொண்டு, நாற்காலியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து ஓடினேன். கொட்டகைக்கு அருகே போனதும் பசு திரும்பியது. இப்போதுதான் முதல் தடவையாக என்னை ஓர் ஆளாக மதித்தது. நாற்காலியை நெஞ்சுக்கு நேரே இறக்கினேன். ஒரே முட்டு, நாற்காலி என் விலாவில் இடித்தது. ஒரு கால் முறிந்து வயலில் விழுந்தது. மூன்று கால் நாற்காலியை அதனிடமே விட்டுவிட்டு நானும் கூரை மேல் ஏறினேன். தொண்ணூற்றாறு கிலோவை மேலே இழுத்துப் போட்டது என் கையா, மாமனார் கையா என்று இன்றுவரை தெரியாது.

கீழே பசு சுற்றிச் சுற்றி வந்தது. மேலே நாங்கள் இருவரும் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தோம். அவருடைய முழங்காலுக்குக் கீழே கல் கிழித்து ரத்தம் வழிந்தது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

"மாமா, காலைக் காட்டுங்க."

"அது கிடக்குது விடுங்க மாப்ளே. பாத்தீங்களா? எவ்வளவு தூரம் ஓடினேன்? நூத்தி இருபதடி இருக்கும். சேத்துல!"

என் சட்டைப்பையில் கைக்குட்டை இருந்தது. இடுப்புப் பையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. சேற்றைக் கழுவினேன். கல்துகள் இரண்டு ஒட்டியிருந்தது, நகத்தால் மெல்ல எடுத்தேன். ஊதினேன். கைக்குட்டையை மடித்துக் கட்டினேன். நான் எதைச் செய்தாலும் குறை சொல்கிற மனிதர், ஒன்றும் சொல்லாமல் காலைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒங்களுக்குக் கை மெத்துன்னு இருக்கு," என்றார் கடைசியில்.

"வலிக்குதா மாமா?"

"இல்ல." கட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். "சர்வீஸ் பூரா எத்தனை சண்டை பாத்திருக்கேன் தெரியுமா? அருவா எடுத்திருக்கானுங்க, கல்லு எறிஞ்சிருக்கானுங்க. எல்லாத்தையும் கருவிக்குப் பின்னாடி நின்னுதான் பாத்தேன். அளந்து எழுதிக் குடுத்துட்டு ஜீப்புல ஏறி வந்துடுவேன். என்னை யாரும் துரத்தினதே இல்ல மாப்ளே. இதான் மொத தடவ."

துரத்தப்பட்டதை அவர் பதவி உயர்வு போலச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்துவிட்டது. ஒன்பது வருடத்தில் நாங்கள் இருவரும் ஒரே விஷயத்துக்குச் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

கூரையிலிருந்து வாய்க்கால் நன்றாகத் தெரிந்தது. பாய் கடப்பாரையால் சிமென்ட் பலகையை நெம்பிக்கொண்டிருந்தார். டாக்டர் மார்பளவு தண்ணீரில் உட்கார்ந்து கன்றின் காலுக்குச் சோப்பைத் தடவினார். என் மனைவி கரையில் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, புடவையைச் செருகி, பின்னால் சாய்ந்து இழுத்தாள். "இழு! இன்னும்!" என்று டாக்டர் கத்தினார். சட்டென்று கால் விடுபட்டது. என் மனைவி மல்லாக்க விழ, கன்றுக்குட்டி அவள் மேலேயே வந்து விழுந்தது. எழுந்து நின்று, நடுங்கி, ஒரு தரம் 'ம்மா' என்றது.

எங்களுக்குக் கீழே நின்ற பசுவுக்கு அவ்வளவு போதும். எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, ஓடிவிட்டது. டாக்டரும் பாயும் மனைவியும் மூன்று திசையில் சிதறினார்கள். பசு கன்றை நக்க ஆரம்பித்தது. அதற்குப் பிறகு அது யாரையும் கண்டுகொள்ளவில்லை.

நாங்கள் இறங்கும்போது வயல்காரர் வந்துவிட்டார். மாட்டுக்காரருக்குப் பக்கத்து நிலம். நேற்று நட்ட நாற்றையெல்லாம் மிதித்துக் கூழாக்கியிருக்கிறோம். அவருடைய கோபம் நியாயம்தான். "யாருய்யா நீங்க? கண்ணு தெரியலியா? நட்டு ஒரு நாள் ஆவல!" என்று குதித்தார். நான் வழக்கம்போல மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். மாமனார் வெறுங்காலோடு, சேறு வழிய, என் முன்னால் வந்து நின்றார்.

"தப்புதான் தம்பி. நாத்து கொடுங்க, மிதிச்ச எடத்தை நாங்களே நட்டுத் தர்றோம். ஆனா ஒண்ணு. மேலேருந்து பாத்தேன். ஒங்க வடக்கு வரப்பு வாய்க்கால் புறம்போக்குல ரெண்டடி உள்ள போயிருக்கு. அந்த மூலைக்கல்லு எங்க?"

வயல்காரரின் குரல் இறங்கிவிட்டது. "நீங்க யாருங்கய்யா?" என்றார், வேறு மாதிரி.

"சர்வேயர். ரிட்டயர்டு."

மோர் வந்தது. நாற்று வந்தது. மாட்டுக்காரரும் கூட இறங்கினார். பாய், நான், டாக்டர், மனைவி எல்லோரும் வரிசையாகக் குனிந்து மிதிபட்ட இடத்தை நட்டோம். நான் நட்டதில் பாதி மிதந்தது. மாமனார் காலில் கட்டோடு கரையில் நின்று, வரிசை கோணுகிறது, இடைவெளி அதிகம் என்று மேற்பார்வை பார்த்தார். கிளம்பும் முன் பாய், உடைந்த நாற்காலிக்குப் பதில் புதிய நாற்காலி அனுப்புவதாக மாட்டுக்காரரிடம் ஒப்புக்கொண்டார். என் விலாவில் நீலம் பாரித்த இடத்தை டாக்டரிடம் காட்டினேன். "நான் மாட்டு டாக்டர்," என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு மாமனார் எல்லோருக்கும் முன்னால் வந்து கடை மாடியில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் உட்காரும் முன்பே அறிவித்துவிட்டார்.

"பாய், கேடயத்தை எங்கிட்ட குடுங்க."

பாய் என்னைப் பார்த்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் என் நாசிலை நகர்த்தி மாமனார் பக்கம் வைத்த பிறகும், எதற்கென்றே தெரியாமல் அதை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு மாதமாக வேண்டாம் வேண்டாம் என்ற வேலை. ஒரே ஒரு தடவை, ஒரு வயலில், ஏறக்குறைய சரியாகச் செய்தேன். அதற்குள் கை மாறிவிட்டது.

"அப்ப கத்தி எனக்கு," என்றார் டாக்டர், யாரும் கேட்காமலே. என் மனைவி கொஞ்சம் முனகினாள். மந்திரக்கோலைக் கொடுத்ததும் சமாதானமாகிவிட்டாள். தீயின் வேகமும் திசையும் இனி இயற்பியல்படி நடக்கும் என்றாள். மிச்சம் இருந்தது வைத்தியம். அது எனக்கு வந்தது.

அன்றைய கதையில் மலைக்குகை ஒன்றில் ஒற்றைக்கண் பூதம். பூதத்துக்காக, மூன்று பக்கமும் வாய் உள்ள ஒரு மூன்று இஞ்சு டீ ஜாயின்ட்டை நட்டு வைத்தார் பாய். குகை வாசல் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் மாமனார் உள்ளே போய்விட்டார். பூதத்தின் பரம்பரையையே இழுத்துத் திட்டினார். பாய் பகடைகூட உருட்டச் சொல்லவில்லை. "வேணாம் ஐயா, பூதத்துக்குக் கோவம் வந்துடுச்சு," என்றார்.

பூதம் அடித்தது. நான் ஓடிப் போய்க் கட்டுப் போட்டேன். மறுபடி அடித்தது. மறுபடி கட்டினேன். எந்த நேரத்தில் யாருக்கு எவ்வளவு மருந்து என்பது எனக்குத் தன்னால் வந்தது. பின்னால் நிற்பதற்கு யாரும் என்னைத் திட்டவில்லை. என் இடமே அதுதான் என்றார்கள். டாக்டர் பூதத்தின் முழங்கால் எலும்பு எங்கே இருக்கும் என்று சரியாகச் சொல்லி அங்கேயே குத்தினார். ஆறு நாள் வைத்தியத்தின் ஆத்திரமெல்லாம் அதில் தீர்ந்தது. என் மனைவி குகைக் கூரையில் ஒரு பாறையை மந்திரத்தால் தளர்த்திக்கொண்டிருந்தாள். அதற்கு இன்னும் ஒரு சுற்று தேவைப்பட்டது.

மாமனாருக்கு உயிர்ப் புள்ளி மூன்றுதான் மிச்சம்.

"மாப்ளே, இன்னும் ஒரு கட்டு இருக்கா?"

"தீந்துடுச்சு மாமா. பின்னாடி வந்துடுங்க."

"நான் வந்தா அது எம் பொண்ணு மேல போகும்." அவர் நாசிலை அங்கேயே அழுத்திப் பிடித்துக்கொண்டார். "நீங்க நகருங்க."

பாய் பூதத்துக்காகப் பகடையை உருட்டினார். அது மேசையிலிருந்து துள்ளி, பைப் கட்டுக்குள் விழுந்து, ஒரு நீளமான குழாய்க்குள் கடகடவென்று ஓடியது. ஐந்து பேரும் எழுந்து குழாய் குழாயாகத் தூக்கிச் சாய்த்துத் தேடினோம். கடைசியில் ஒரு முனையில் வந்து தரையில் விழுந்தது. பாய் மண்டியிட்டு, டார்ச் அடித்துப் பார்த்தார்.

"பத்தொம்போதுங்க ஐயா," என்றார் வருத்தமாக.

"அப்ப நான் போயிட்டேனா?"

"போயிட்டீங்க."

என் மனைவியின் முறை வந்தது. பாறையை விழ வைத்தாள். பூதம் நசுங்கியது. ஏழு கதையில் முதல் தடவையாக ஜெயித்தோம். டாக்டர் கை தட்டினார். பாய்க்குக் கண் கலங்கிவிட்டது, தூசி என்றார். நான் மாமனாரைத்தான் பார்த்தேன். இறந்துபோன மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்து, டீயை ஆற்றி, ஒரு வாய் குடித்தார். பிறகு பழுப்புத் தாளில் தன் நாசில் நின்ற இடத்தை விரலால் தட்டிக் காட்டினார்.

"முன்னாடி நின்னுதானே போனேன்? பாய், அதை அப்படியே எழுதிக்குங்க. குகை வாசல்லேருந்து உள்ளே இருபத்தி நாலடி."